தொட்டு நின்றால் போதும்

இடது பக்க இரும்பு முட்டின் திருகு வளையத்தை அவன் சுத்தியலால் இன்னும் ஒரு தட்டுத் தட்டினான். வளையம் கால் சுற்று ஏறியது. குழாயின் தலை, உத்திரத்தின் அடியில் கொடுத்திருந்த பலகையை அழுத்திப் பிடித்து 'கிண்' என்றது. கட்டட வேலையில் இருபது வருஷமாக அவன் காது தேடிப் பழகிய ஓசை அது. அது வந்தால் முட்டு பாரத்தை வாங்கிக்கொண்டது என்று பொருள்.

மேல் வீட்டில் யாரோ தரையைத் தட்டினார்கள். டக், டக்.

அவன் அண்ணாந்து பார்த்தான். "சாவு வீட்டுல சத்தம் வராம என்ன பண்ணும்," என்று முணுமுணுத்துக்கொண்டு வலது பக்க முட்டுக்குப் போனான்.

மணி இரண்டரை. நாலரைக்கு அப்பா வந்துவிடுவார். அப்படி நினைத்த பிறகுதான் அந்தச் சொல் உறுத்தியது. வர மாட்டார், கொண்டுவருவார்கள்.

காலையில் பட்டறைக்குக் கிளம்பியவர் செருப்பை மாட்டும்போது அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாராம். ஒன்று காலில், ஒன்று கையில். அவன் மருத்துவமனைக்கு ஓடிச் சேர்ந்தபோது அந்தக் கைச்செருப்பு அம்மாவின் மடியில் இருந்தது. அப்பா இல்லை. அம்மாவும் அக்காவும் காகிதங்களுக்காக அங்கேயே காத்திருக்க, கூடத்தை ஒழித்து வைக்க அவன் முன்னால் வந்திருந்தான்.

ஒழிக்க வேண்டியதில் பெரியது கூடத்தின் நட்டநடுவில் நின்றது.

பதினொரு வருஷத்துக்கு முன், பக்கத்து மனையில் ஆழமாக அஸ்திவாரம் தோண்டியபோது, இந்தக் கூடத்து உத்திரத்தின் அடிவயிற்றில் விரிசல் விட்டது. அப்பா வண்டிப் பட்டறைக்காரர். கார்களுக்கும் வேன்களுக்கும் அடியில் படுத்து அதிர்வு வாங்கும் ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் மாற்றுகிறவர். ஒரு பழைய லாரி ஜாக்கியின் திருகைத் தடித்த குழாயின் தலையில் பற்றவைத்துக் கொண்டுவந்து உத்திரத்தின் கீழே நிறுத்தினார். "தற்காலிகம்" என்றார். அந்தத் தற்காலிகம் அங்கேயே வேர்விட்டுவிட்டது. அம்மா அதற்குப் பச்சைச் சாயம் அடித்தாள். காலண்டரை அதில் கட்டினாள். அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துதான் காய் நறுக்குவாள். முதுகு படும் உயரத்தில் சாயம் தேய்ந்து இரும்பு பளபளத்தது. வீட்டுக்கு வருகிறவர்கள், "என்னங்க, உள்ளேயே தந்திக் கம்பம் நட்டிருக்கீங்க?" என்று கேட்காமல் போனதில்லை.

அக்கா மருத்துவமனையிலிருந்து போனில் சொன்னாள்: "டேய், அந்தக் கம்பத்த மட்டும் எடுத்துடுடா. அப்பாவ நடுவுல வைக்கணும், ஜனங்க சுத்தி நின்னு பாக்கணும். வர்றவங்க அவர் முகத்தப் பாப்பாங்களா, அதப் பாப்பாங்களா? ஊர்ல இருக்கிற வீட்டையெல்லாம் தூக்கி நிறுத்தறவன் நீ. அப்பாவுக்கு இது ஒண்ணாவது பண்ணு."

'ஒண்ணாவது' என்பதை அவள் அவ்வளவு அழுத்தியிருக்க வேண்டாம்.

நடு முட்டுக் குழாயை அப்படியே உருவிவிட அவன் விவரம் தெரியாதவன் அல்ல. உத்திரத்தின் இரண்டு பக்கமும், சுவரிலிருந்து நான்கடி தள்ளி ஒவ்வொரு முட்டு. அவை பாரத்தை வாங்கியதும் நடுவில் இருப்பதைத் தளர்த்திக்கொள்ளலாம். சைட்டிலிருந்து இரண்டு முட்டுகளைத் தன் வண்டியில் போட்டுத் தானே ஓட்டி வந்தான். ஆட்களைக் கூப்பிடவில்லை. நாலு வருஷத்துக்கு முன் ஆட்களோடு வந்தது போதும்.

வலது பக்க வளையத்தைத் தட்டினான். ஒன்று. இரண்டு. கிண்.

டக், டக், டக், டக்.

"அட, இருங்க!" என்றான் மேலே பார்த்து. அந்த நேரத்தில் உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து மாவு போலத் தூசி இறங்கி அவன் இமையில் விழுந்தது. துடைத்துக்கொண்டான். பழைய வீடு, சுண்ணாம்பு உதிரும். நடு முட்டின் பக்கத்தில் ஒரு சிறு ஸ்பேனர் நூலில் தொங்கியது. சாண் நீளம்கூட இல்லை. இதை வைத்து இந்தத் திருகை எப்படித் திருப்புவது என்று எரிச்சலோடு அதைத் தள்ளிவிட்டு, தன் நீளமான கம்பியைத் திருகின் துளையில் செருகி அரைச்சுற்று இறக்கினான்.

காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல ஒரு ஓசை.

மேலே ஒரு ஆண்குரல், சொல்லாக மாறாமல், நீளமாக அலறியது. தடி தரையில் இடிஇடியென்று இடித்தது.

அவன் கம்பியைப் போட்டுவிட்டு வெளிப்படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஏறினான்.

கதவு திறந்தே இருந்தது. தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு, தரையில் மண்டியிட்டிருந்தாள். கையில் கைத்தடி. ஜன்னலோரக் கட்டிலில் அவள் கணவர். முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை மட்டும் ஜன்னல் கம்பியை இறுகப் பற்றியிருந்தது. கண்களில் அப்படி ஒரு பயத்தை அவன் பெரியவர்களிடம் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்லைங்க, ஒண்ணுமில்ல, வீடு எங்கயும் போகாது," என்று அவள் அவருடைய நெஞ்சைத் தடவிக்கொண்டே இவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. குழப்பம்தான். "தட்டினேனே தம்பி. தட்டினா நிறுத்திடுவாங்கன்னு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"யாரு நிறுத்துவாங்க?"

"அண்ணன். உங்கப்பா."

அவன் குனிந்து தரையைப் பார்த்தான். சுவரோரத்திலிருந்து கட்டில் காலுக்கு அடியில் புகுந்து, மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதன் முனையில் தையல் சாக்பீஸால் குறுக்காக ஒரு கோடு.

"இது புதுசு. இப்பத்தான் வந்துச்சு. மேல ஓடுதான்னு தெரியணுமில்ல, அதான் முனையில கோடு போட்டேன். இதுவரைக்கும் தாண்டல." நாடாவின் நுனியால் அறையின் நடுவைக் காட்டினாள். அங்கே இன்னொரு விரிசல், பழையது, அழுக்கேறிக் கறுத்தது. அதன் இரண்டு முனையிலும் சாக்பீஸ் கோடுகள். "அது நாங்க குடிவந்த வருஷம் அண்ணன் கொஞ்சம் அதிகமா இறுக்கிட்டாரு, அப்ப வந்தது. அன்னிக்கு அவர் பட்ட பாடு! சாப்பிடல. அதுக்கப்புறம்தான் டம்ளர்."

"என்ன டம்ளர்?"

அவளுக்கு அவன் கேட்டது வியப்பாக இருந்தது. எல்லா வீடுகளிலும் நடப்பதுதானே என்பதுபோல விளக்கினாள். மழைக்காலத்தில் ஒருமுறை, வெயில் காலத்தில் ஒருமுறை, அப்பா கீழே ஸ்பேனரை எடுப்பார். அதற்குமுன் இவள் நடுத்தரையில் ஒரு டம்ளரில் விளிம்பு முட்டத் தண்ணீர் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவர் கீழே திருகத் திருக, முட்டு உத்திரத்தைத் தொடும் அந்த நொடியில் தண்ணீரின் முகத்தில் ஒரு நடுக்கம் வரும். உடனே கைத்தடியால் தரையை ஒரு தட்டு. நிறுத்து, போதும் என்று. "அண்ணன் கீழேருந்து குழாயில ரெண்டு தட்டு தட்டுவாரு. கேட்டுடுச்சுன்னு. அவ்ளோதான் தம்பி. தொட்டு நின்னா போதும், தள்ளக்கூடாதும்பாரு. உங்கம்மா கீழ வேலையா உக்காந்து குழாய்ல முதுகச் சாச்சாக்கூட இந்தத் தண்ணி ஆடும்னா பாத்துக்குங்களேன்."

அவன் அந்தக் கறுத்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தான். சைட்டில் அவன் நிறுத்துகிற முட்டுக்கு மேலே வெறும் பலகைதான் இருக்கும். கான்கிரீட் இனிமேல்தான் வந்து விழும். அதனால் முன்கூட்டியே சுத்தியலால் இறுக்கி வைப்பார்கள். இங்கே முப்பது வருஷத்துப் பாரம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. உத்திரத்துக்குக் கம்பி இருப்பது வயிற்றில், முதுகில் பேருக்குத்தான். கீழிருந்து நெட்டித் தள்ளினால் முதுகு பிளக்கும். இதைப் புதுப் பையன்களுக்கு அவன் எத்தனை முறை சொல்லியிருப்பான். இன்றைக்கு அவன் கை, மூளையைக் கேட்காமல், 'கிண்' என்ற ஓசையைத் தேடிப் போயிருக்கிறது.

"இத்தன வருஷம் ஏன் சரி பண்ணாம விட்டாரு?" அந்தக் கேள்வியை அவன் அவளிடம் கேட்கவில்லை. தரையிடம் கேட்டதுபோல இருந்தது.

அவள் துணியை நனைத்து வந்து கணவரின் வாயோரத்தைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்தாள்.

"எங்களாலதான் தம்பி," என்றாள். "இடிச்சுக் கட்டணும்னா மேல காலி பண்ணணும். ரெண்டு மாசமாவது. நாங்க தேடாத தெருவில்ல. படுத்துக் கெடக்கிறவர் இருக்காருன்னா யார் வீடு குடுக்கிறாங்க? 'உங்களுக்கு என்னம்மா, ஆனா அவரு...'ன்னு இழுப்பாங்க. எனக்கும் புரியும், வந்துடுவேன். உங்கப்பாகிட்ட ஒரு நாள் அழுதுட்டேன். அவரு, 'எவன் இடிக்கப் போறான் தங்கச்சி? மாப்பிள்ள இருக்கிற வரைக்கும் இந்த உத்திரத்த நான் பாத்துக்கறேன்'னாரு. இவர மாப்பிள்ளன்னுதான் கூப்பிடுவாரு."

கட்டிலில் இருந்தவர் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலையைச் சற்றே திருப்பினார்.

"தினம் வேலை முடிஞ்சு வந்து இந்த ஸ்டூல்ல உக்காருவாரு. இன்னிக்கு எந்த வண்டி வந்துச்சு, யாரு குழியில விட்டு எத முறிச்சாங்கன்னு கதை சொல்லுவாரு. இவருக்கு அதக் கேட்டாத்தான் சோறு இறங்கும். 'மாப்பிள்ள, வண்டியில போடற ஸ்ட்ரட்டுக்குள்ள எண்ணெய் இருக்கு, சுருள் இருக்கு. குழி வந்தா அது அமுங்கி வாங்கிக்கும், உள்ள உக்காந்திருக்கிற குழந்தைங்களுக்குத் தெரியாது. வீட்டு முட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, விறைச்சுக்கிட்டு நிக்கும். அதனால பக்கத்துல இருக்கிற மனுஷன்தான் அமுங்கிக் குடுக்கணும்'னு சொல்லிச் சிரிப்பாரு."

அவனுக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. அந்த ஸ்டூலில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றான்.

நாலு வருஷத்துக்கு முன் அவன் ஒரு லாரி நிறைய முட்டுகளும் பலகைகளுமாக, நான்கு ஆட்களோடு வந்து கூடத்தின் நடுவில் நின்று கத்தினான். 'மேல் வீட்டக் காலி பண்ணச் சொல்லு. ரெண்டே மாசம். ஊருக்கெல்லாம் கட்டறேன், என் வீட்டுல ஒரு கம்பத்தச் சுத்தி வாழறது எனக்கு அசிங்கமா இருக்கு.' அப்பா எழுந்தார். அருகில் வந்தார். உள்ளங்கையை அவன் நெஞ்சில் வைத்து, கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவரை தள்ளிக்கொண்டே போனார். ஆட்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். அதன்பிறகு அவன் அந்தக் கதவைத் தட்டவில்லை. அம்மாவை அக்கா வீட்டில் வைத்துப் பார்ப்பான். அப்பாவும் அவனைத் தேடவில்லை.

"அன்னிக்கு..." என்றான்.

"அன்னிக்குக் கதவச் சாத்தின கையோட நேரா மேலதான் வந்தாரு. மூச்சு வாங்குது. 'தங்கச்சி, எம்பையன் போட்ட சத்தம் கேட்டுச்சா?'ன்னாரு. அவர் முகத்தப் பாத்தேன். 'இல்லியே அண்ணே, நான் மிஷின்ல உக்காந்திருந்தேன், மிஷின் சத்தத்துல என்ன கேக்கும்'னேன். அப்பத்தான் அவருக்கு உயிர் வந்துச்சு." அவள் தையல் இயந்திரத்தைப் பார்த்தாள். "அன்னிக்கு மிஷின்ல நூலே கோக்கல தம்பி. அவர் அதப் பாக்கல. பாத்தாரோ என்னமோ."

ஒருவரை ஒருவர் நோகாமல் காக்க இரண்டு பேர் சொல்லிக்கொண்ட அந்தச் சிறு பொய், ஒரு கூரையைவிடக் கனமான எதையோ நாலு வருஷம் தாங்கி நின்றிருக்கிறது. அவனுடைய வைராக்கியமும் நாலு வருஷம் நின்றிருக்கிறது. அது எதைத் தாங்கியது என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"இவருக்குத் தெரியுமா?" என்றான், கட்டிலைப் பார்த்து.

"காலைல சொன்னேன். புரிஞ்சுதான்னு தெரியல."

மணி மூன்றே கால். அவன் குனிந்து சாக்பீஸ் கோட்டைப் பார்த்தான். விரிசல் அதைத் தாண்டவில்லை. கடவுளே என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிக்கொண்டான். வெகு நாட்களுக்குப் பிறகு சொன்னதால் அந்தச் சொல் வாய்க்குப் புதிதாக இருந்தது.

"அத்தை," என்றான். "ஒரு டம்ளர் தண்ணி வைங்க."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து டம்ளரைக் கழுவப் போனாள்.

கீழே, நீளக் கம்பியையும் சுத்தியலையும் அவன் வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தான். நூலில் தொங்கிய சிறு ஸ்பேனரைக் கையில் எடுத்தான். அது ஏன் அவ்வளவு குட்டை என்பது இப்போது விளங்கியது. அந்தச் சாண் நீளத்தைக்கொண்டு எவ்வளவு முயன்றாலும் யாராலும் தள்ள முடியாது, தொடத்தான் முடியும். பிடியில் அப்பாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு குழிவு விழுந்திருந்தது. தன் கட்டைவிரலை அதில் வைத்தான். சரியாகப் பொருந்தவில்லை. அவனுடையது பெரிது.

முதலில் நடு முட்டு. அவன் இறக்கிய அரைச்சுற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினான். ஒரு திருகு. காத்திருந்தான். இன்னொரு திருகு. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. இதுவரை ஆயிரக்கணக்கான முட்டுகளை நிறுத்தியிருக்கிறான். எதற்கும் இவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. இன்னும் ஒரு துளி. ஸ்பேனர் இன்னும் லேசாகத்தான் இருந்தது. அவன் கைக்கு எதுவும் தெரியவில்லை.

டக்.

நிறுத்தினான். ஸ்பேனரின் முனையால் குழாயை இரண்டு முறை மெல்லத் தட்டினான்.

 மேலே அவள் மூக்கைச் சிந்தும் ஓசை கேட்டது.

பிறகு இடது பக்கம் கால் சுற்று இறக்கம், வலது பக்கம் கால் சுற்று இறக்கம். மறுபடி இடது, மறுபடி வலது. ஒவ்வொன்றுக்கும் மேலே பார்த்து, "சரியா அத்தை?" என்பான். "அசையல தம்பி," என்று பதில் வரும். பாரம் தன் பழைய இடத்துக்கு, பதினொரு வருஷம் பழகிய இடத்துக்கு, கனத்த மனிதர் ஒருவர் நாற்காலியில் சாய்வதுபோலத் திரும்பிப் போனது. கடைசியில் அவன் கொண்டுவந்த இரண்டு முட்டுகளும் தாமாகவே கையோடு வந்துவிட்டன. அவற்றைத் தூக்கிப்போய்த் தன் வண்டியில் போட்டான்.

கூடத்தைப் பெருக்கி முடிக்கையில் வெளியே வேன் நின்றது.

அது அப்பாவின் பட்டறை வேன். ஓட்டிவந்தவர் அப்பாவோடு முப்பது வருஷம் வேலை பார்த்த நெட்டையர். இறங்கிப் பின்கதவைத் தூக்கினார். தூக்கிய கதவு நிற்காமல் மெதுவாகக் கீழே இறங்கியது. அதைத் தாங்குகிற இரண்டு காற்று ராடுகளும் செத்துப்போயிருந்தன. நெட்டையர் தலையைக் கொடுத்து அதை நிறுத்தினார்.

"மாத்தித் தர்றேன், மாத்தித் தர்றேன்னு மூணு மாசமா உங்கப்பன் எனக்குத் தண்ணி காட்டினான்," என்றார். குரல் சிரிக்கப் பார்த்தது, முடியவில்லை. "ஊர்க்கார வண்டியெல்லாம் பாப்பான், நம்ம வண்டிய விட்டுடுவான். இப்பப் பாரு, தலையால தாங்கி அவனையே இறக்க வேண்டியிருக்கு."

"நகருங்க பெரியப்பா, நான் பிடிக்கிறேன்."

"நீ அவனப் பிடிடா. கதவ நான் பாத்துக்கறேன்."

பெட்டி இறங்கியது. அவனும் அக்கா கணவரும் பட்டறை ஆட்கள் இரண்டு பேரும் தூக்கினார்கள். அக்கா முன்னால் ஓடிக் கூடத்துக்குள் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"கம்பத்த எடுக்கச் சொன்னேனே! ரெண்டு மணி நேரம் என்னடா பண்ணின?"

அவன் பெட்டியின் கனத்தோடு நின்றான். சொல்லிவிடலாம். ஆனால் கூடத்தில் பேசுவது மேலே கேட்கும்.

"முடியலக்கா," என்றான்.

"முடியலயா? உன்னாலயா?" அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நாலு வருஷம் பேசாம இருந்த. இப்பவும் வீம்பு. நல்லா இருடா."

அம்மா மெல்ல உள்ளே வந்தாள். அந்த ஒற்றைச் செருப்பு இன்னும் அவள் கையில் இருந்தது. அவள் முதலில் பெட்டியைப் பார்க்கவில்லை. குழாயின் தலை உத்திரத்தைத் தொடும் இடத்தை அண்ணாந்து பார்த்தாள். சுவரோரத்தில் தரையில் சிந்தியிருந்த தூசியின் மிச்சத்தைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை.

"தண்ணி வச்சுப் பாத்தீங்களா?" என்றாள்.

"வச்சோம்மா."

அம்மா தலையை அசைத்தாள். "அப்படியே குழாய்க்குப் பக்கத்துல வைங்க," என்றாள் தூக்கியவர்களிடம். "இப்படித்தான். ரொம்ப ஒட்ட வேண்டாம்."

மூடியைத் திறந்து, அப்பாவை முட்டுக்கு வலது பக்கமாக, கால் வாசலைப் பார்க்க வைத்தார்கள். முகம் சலனமில்லாமல் இருந்தது. தாடையில் ஒரு இடத்தில் சவரம் விட்டுப்போயிருந்தது. அவன் மண்டியிட்டு அப்பாவின் உள்ளங்கையைத் தொட்டான். எவ்வளவு சோப்புப் போட்டும் போகாத மசிக்கோடுகள் அதில் அப்படியே இருந்தன. நாலு வருஷத்துக்கு முன் தன் நெஞ்சில் பட்ட கை. அப்போது அது நடுங்கியதா என்று நினைவுபடுத்திப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கு அவன் அதைக் கவனித்திருக்கவில்லை.

ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். தெருக்காரர்கள், பட்டறைக்காரர்கள், எப்போதோ அப்பா வண்டி பார்த்துக்கொடுத்தவர்கள். கூடம் நிறைந்தது. குழாயை யாரும் விசாரிக்கவில்லை. சிலர் அதைப் பிடித்துக்கொண்டு குனிந்து அப்பாவைப் பார்த்தார்கள்.

அவன் அண்ணாந்து பார்த்தான். மேலே நாற்காலி நகரும் ஓசைகூட இல்லை. வாசலில் வருகிறவர்களில் தையல்காரம்மா இல்லை. வர மாட்டாள், அவரைத் தனியாக விட்டுவிட்டு வர அவளால் முடியாது. இந்த வீட்டில் அப்பாவைத் தினமும் பார்த்தவள், ஒரு சாண் தடிமன் தரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள்.

அவன் எழுந்தான்.

"எங்க போற?" என்றாள் அக்கா.

"மேல ஒரு வேலை இருக்கு."

"அப்பாவ விட்டுட்டு என்னடா வேலை? எல்லாரும் உன்னத்தான் கேப்பாங்க."

 கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். முதுகுக்குப் பின்னால் அக்கா யாரிடமோ, "பாத்தீங்களா? அப்பாவுக்குத் தப்பாத பிள்ள. கேட்டா வாயத் திறக்க மாட்டான்," என்று அழுதுகொண்டே சொல்வது கேட்டது.

மேல் வீட்டில் தையல்காரம்மா டம்ளருக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "கூட்டம் போற வரைக்கும் இருக்கட்டும்னு எடுக்கல," என்றாள் எழுந்துகொண்டே.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க அத்தை. நான் இங்க இருக்கேன்."

"ஐயோ, நீங்க கீழ இருக்க வேண்டியவங்க. பெத்த பிள்ள நீங்க..."

"நிதானமா இருந்துட்டு வாங்க. அம்மா பக்கத்துல கொஞ்சம் உக்காருங்க."

அவள் கழுத்து நாடாவை எடுத்து இயந்திரத்தின்மேல் வைத்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். கைத்தடியைக் கணவரின் வலது கைக்கு எட்டும்படி சாய்த்துவைத்து, "தம்பி இருக்காரு. அண்ணனோட பையன்," என்று அவர் காதருகே சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த முறை அவன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். கட்டிலில் இருந்தவர் அவனைப் பார்த்தார். அப்பாவின் சாயலைத் தேடுவதுபோலக் காதைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார். அவனுக்குச் சொல்ல ஒரு வண்டிக் கதையும் வரவில்லை.

"வேன்ல பின்கதவு நிக்கலிங்க," என்றான் கடைசியில். "ரெண்டு ராடும் போயிடுச்சு. நெட்டையர் தலையால தாங்கினாரு."

அவர் வாயின் நல்ல பக்கம் லேசாக அசைந்தது.

கீழே அழுகுரல் ஒன்று புதிதாக எழுந்து அடங்கியது. தையல்காரம்மாவாக இருக்கும். அதற்குப் பிறகு வெகுநேரம் சலசலப்பு மட்டும். ஜன்னல் வெயில் கட்டில் காலிலிருந்து டம்ளர்வரை நகர்ந்திருந்தது. விளிம்பு முட்ட நின்ற தண்ணீர் திடீரென்று ஒருமுறை நடுங்கியது. அம்மா குழாயில் முதுகைச் சாய்த்துவிட்டாள்.

அவர் அதைப் பார்த்துவிட்டார். வலது கை ஜன்னல் கம்பியை விட்டு, தடவித் தடவிக் கைத்தடியை எடுத்தது. தூக்க முடியாமல் தூக்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

டக்.

பிறகு தலையைச் சாய்த்துத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது கொடுத்திருந்தார். நெற்றியில் நரம்பு தெரிந்தது. கீழே யாரோ யாருக்கோ வழிவிடச் சொன்னார்கள். வேறு ஒன்றுமில்லை. அவர் கண்களை எடுக்கவில்லை.

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். விரிசலைப் பார்ப்பவன்போலக் குனிந்து, அவர் கண்ணுக்கு எட்டாதபடி கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி, விரல் முட்டியால் தரையை மெல்லத் தட்டினான். இரண்டு தட்டு.

அவன் தலைக்கு மேலே கைத்தடி தளர்ந்து படுக்கையில் சாயும் ஓசை கேட்டது. மூச்சு ஒன்று நீளமாக வந்தது.

டம்ளரில் தண்ணீர் அசைந்து, விளிம்பைத் தாண்டாமல் அடங்கியது. அவன் உடனே எழுந்துகொள்ளவில்லை. கையை விரித்து, உள்ளங்கையை அந்தக் குளிர்ந்த தரையில் படும்படி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான்.